பறக்கும் முன்பே வந்த நடுக்கம்

ப்ராப் (ப்ரொப்பெல்லர்) அதிர்வு விமானத்தை விட வயதில் மூத்த தொல்லை. ரைட் சகோதரர்கள் 1903 நவம்பரில் கிட்டி ஹாக் மணல்மேட்டில் பட்ட பாட்டைப் படித்தால் இது விளங்கும். ஹேங்கரிலேயே தலை நரைத்தவன் என்பதாலோ என்னவோ, உலகம் கொண்டாடும் அந்த டிசம்பர் 17ஐ விட அதற்கு முந்தைய நவம்பர்தான் எனக்கு நெருக்கம்.

நவம்பர் 5 அன்று எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் செய்த நான்கு சிலிண்டர் எஞ்சின், சுமார் 12 குதிரைத்திறன். சீராக வெடிக்காமல் விட்டுவிட்டு வெடித்தது. எஞ்சினிலிருந்து சங்கிலி வழியாகச் சுற்றியவை எட்டரை அடி ப்ராப்கள் இரண்டு. எஞ்சின் திணறிய ஒவ்வொரு முறையும் அவை வெட்டி வெட்டி இழுத்ததில், குழாயால் ஆன ஷாஃப்டுகள் பழுதாகின. சொந்த ஊரான டேட்டனுக்கு அனுப்பி, டெய்லர் சரிசெய்து, நவம்பர் 20இல் திரும்பி வந்தன. மாட்டி ஓட்டினால் பற்சக்கரங்கள் கழன்றுகொண்டன. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா? டயரை ரிம்மில் ஒட்டும் பசையை உருக்கி மரையில் விட்டு முடுக்கினார்கள். நின்றுவிட்டது! ஆனால் 28ஆம் தேதி ஒரு ஷாஃப்டில் விரிசல். ஆர்வில் ரயிலேறி டேட்டன் போனார். குழாயைக் கைவிட்டு, கெட்டியான ஸ்பிரிங் எஃகில் ஷாஃப்ட் செய்துகொண்டு டிசம்பர் 11இல் திரும்பினார். 17ஆம் தேதி 12 வினாடி, 120 அடி பறந்தார்.

மரப் பலகைகளை ஒட்டிக் கையாலேயே செதுக்கிய அந்த ப்ராப்களில் ஒரு குறையும் இல்லை. குறை எஞ்சினின் வெடிப்பில். அடி வாங்கியது ஷாஃப்ட். இந்தப் பாடத்தை இன்றைக்கும் பல ஹேங்கர்களில் முதலிலிருந்து படிக்கிறார்கள்.

மர ப்ராப் ஒரு வகையில் தயாள குணம் கொண்டது. எஞ்சினின் உதைகளை மரத்தின் நார்கள் ஓரளவு தின்றுவிடும். அதன் பகை ஈரம். மழைக்காலத்தில் ப்ராப்பைச் செங்குத்தாக நிறுத்திவைத்தால் ஈரம் கீழ் அலகுக்கு இறங்கி, அந்தப் பக்கம் கனத்துவிடும். படுக்கைவாட்டில் நிறுத்தச் சொல்வது அதனால்தான். பித்தளைத் தகடு போர்த்திய நுனிகளில் ஊசித்துளைகள் இருப்பதும் ஈரம் வெளியேறத்தான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் டைகர் மாத் விமானக் காலத்து ஆள். இரு பக்க எடையும் சமமா என்று பார்க்க, ப்ராப் நடுவில் தண்டைச் செருகி, இரண்டு கத்திமுனைத் தண்டவாளங்களின் மேல் வைப்பார். அதற்கு முன் ஹேங்கர் கதவைச் சாத்தச் சொல்வார். "தம்பி, காத்தாடிய நிறுத்து. நீயும் கிட்ட நின்னு மூச்சு விடாத." மிகைதான், ஆனால் பொய்யில்லை, லேசான காற்றுக்கே ப்ராப் உருளும். கனத்த அலகு மெல்லக் கீழே சரியும். லேசான அலகின் நுனியில் ஒரு கை வார்னிஷ் பூசிக் காயவிடுவார். மறுபடி வைப்பார். படுக்கைவாட்டில் நின்றால் போதாது, செங்குத்தாக வைத்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். அதன்பின் எஞ்சினில் மாட்டி, இரு நுனிகளும் ஒரே தடத்தில் ஓடுகின்றனவா என்று ஒரு குச்சியை நட்டுப் பார்ப்பார். மர ப்ராப்புக்கு அரைக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது.

உலோகம் வந்ததும் கதை மாறியது. டியூராலுமின் ப்ராப் செய்த சில்வானஸ் ரீடுக்கு 1925இல் கோலியர் விருது கொடுத்தார்கள். மழையும் வெயிலும் அதை மரத்தைப் போலப் பாதிக்காது. ஆனால் உலோகம் உதையைத் தின்னாது, மணி போல அதிரும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் 5,000 உதை. அந்த உதையின் தாளமும் அலகின் இயல்பான அதிர்வும் ஒன்றிவிட்டால், கத்திமுனையில் அசையாமல் நின்ற அதே ப்ராப் பறக்கும்போது விரிசல் விடும்.

ஓடும் ப்ராப்பின் அலகு எவ்வளவு வளைகிறது என்று எப்படி அளப்பது? 1930களின் நடுவில் ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் சார்லஸ் கேர்ன்ஸ் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ரேடியோவில் போடும் கார்பன் ரெசிஸ்டரை எடுத்து ஒரு பக்கம் தட்டையாகத் தேய்த்து அலகின் மேல் ஒட்டினார். அலகு வளைந்தால் ரெசிஸ்டரும் வளையும், அதன் மின்தடை மாறும். 1938இல் வந்த கம்பி ஸ்ட்ரெயின் கேஜுக்கு இது முன்னோடி. எஞ்சினையும் ப்ராப்பையும் ஜோடியாகச் சோதித்துச் சான்று தருவது, சில ஜோடிகளுக்கு 2,000 முதல் 2,250 சுற்று வரை தொடர்ந்து ஓட்டாதே என்று எச்சரிப்பது எல்லாம் இத்தகைய அளவீடுகளால் வந்த பழக்கம்தான்.

இப்போது பாலன்ஸ் செய்ய எஞ்சின் முன்புறம் ஒரு உணரி, அலகில் ஒரு மினுங்கு நாடா. கணினி சொல்லும் இடத்தில் ஸ்பின்னர் தட்டில் இரண்டு வாஷர். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் அடங்கிவிடுகிறது. நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அணைந்த பிளக்கையும் நைந்த மவுண்ட் ரப்பரையும் வாஷர் குணப்படுத்தாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளே, விமானம் திடீரென்று நடுங்கினால் முதலில் இறக்குங்கள். அலகில் கல்பட்ட காயம், ப்ராப் போல்ட், மவுண்ட், பிளக், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பாலன்ஸ் செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.