அடைக்க மறந்த வாயில்: வழுநீக்கக் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே அமைந்த ஊர் கரடியனாறு. 2010 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 17 ஆம் திகதி, அவ்வூர்ப் பொலிஸ் நிலைய வளவில், வீதியமைப்பு வேலைக்கென வைக்கப்பட்டிருந்த வெடிபொருள் வெடித்தது. சீன நாட்டவர் இருவர் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு அதனை விபத்தென்றே அறிவித்தது. கல்லுடைத்து வழி சமைப்பதற்கென வந்த பொருள் அது. எவரையும் கொல்வதற்கென வந்ததன்று. கற்குவாரியிலே கருவியாயிருப்பது மக்கள் நடமாடும் வளவிலே வேறொன்றாகிவிடுகின்றது. கணினித்துறையின் வரலாற்றிலும் இத்தகைய பிழை மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளது. உயிரிழப்போடு இதனை ஒப்பிடல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். இழப்பின் அளவு கருதியன்று, பிழையின் வடிவு கருதியே இவ்வொப்புமை ஈண்டுக் கூறப்படுகின்றது.

நிரலில் நேரும் பிழையை வழு என்பர். அதனைத் தேடிக் களையும் கருவி வழுநீக்கி எனப்படும். சாதாரண பயனாளர் ஒருவர் சேவையகத்தை அணுகும்பொழுது அவர் யார், எதனைக் காண உரித்துடையவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுகின்றன. வழுநீக்கியிடம் இவ்வினாக்கள் பெரும்பாலும் இல்லை. கேட்பவன் கட்டியவனே என்னும் நம்பிக்கையிலேயே அது ஆக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அது இடைநிறுத்தும், நினைவகத்திலுள்ளவற்றைக் காட்டும், இட்ட கட்டளையை நிறைவேற்றும். சேவையகம் தொலைவிலிருப்பதால் இவ்வசதியும் வலையமைப்பு வழியே திறந்துவிடப்படுகின்றது. ஜாவா மொழிக்குரிய தொலைநிலை வழுநீக்க நெறிமுறையில், வருபவரின் அடையாளத்தை வினவும் ஏற்பாடே இல்லை என்பது நோக்கற்பாலது.

இவ்வரலாற்றின் தொடக்க நிகழ்ச்சிகளுள் தலையாயது 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் திகதி மாலை நிகழ்ந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மாணவரான றொபேட் ரப்பன் மொறிஸ் என்பார், தாமே பெருகிப் பரவும் நிரலொன்றை மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கணினியொன்றிலிருந்து வலையமைப்பினுள் விடுத்தார். அது பரவிய வழிகள் பல. அவற்றுள் ஒன்று, பேர்க்லியில் எறிக் ஓல்மன் ஆக்கிய 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் நிரலின் வழுநீக்க வசதியாகும். அவ்வசதி திறந்திருந்தால், மடலைப் பெறுபவரின் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதலாம். சேவையகம் அக்கட்டளையைப் பணிவோடு நிறைவேற்றும். மொறிசின் நிரல் இவ்வழியே சிறு நிரற்றுண்டொன்றை முன்னனுப்பி, அதனைக் கொண்டே தன் எஞ்சிய உடலை உள்ளே இழுத்துக்கொண்டது.

இவ்வாயில் ஏன் திறந்திருந்தது? சென்ட்மெயிலை அமைப்பது அக்காலத்திற் பெருந்துன்பமாயிருந்தது. ஒவ்வோரிடத்தின் நிலைமைக்கும் ஏற்ப அமைப்பைத் திருத்திச் சோதிக்கவேண்டியிருந்தமையால், சோதனை வசதியை நீக்காமலே நிரலை வழங்கினர். பெற்றோரும் அவ்வாறே விட்டுவைத்தனர். எனவே இதனை வெறுஞ் சோம்பலென்று தள்ளிவிடல் முறையன்று. நாளை மீண்டும் தேவைப்படும் என்ற நியாயமான எண்ணமே வாயிலைத் திறந்து வைத்தது. வலையமைப்பில் அன்றிருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் 6,000 பாதிப்புற்றன என்பர். இத்தொகை எண்ணிப் பெற்றதன்று, மதிப்பீடே. அம்மாதத்திலேயே கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரகாலப் பதிற்செயற்குழு நிறுவப்பட்டது. மொறிசுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமூக சேவையும் 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. வாயிலைத் திறந்து வைத்தோர் எவரும் மன்றில் நிறுத்தப்படவில்லை.

இருபத்தேழாண்டுகளின் பின்னர் அதே கதை வேறு வேடத்தில் வந்தது. கலைஞர்களுக்கு ஆதரவாளர் பணம் வழங்க வழிசெய்யும் பேற்றியன் என்னும் அமெரிக்க நிறுவனம், தன் தளத்தின் வழுநீக்கப் பிரதியொன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருந்ததென்றும், 2015 செப்ரெம்பர் 28 அன்று அதன்வழி அந்நியர் நுழைந்தனரென்றும் தானே அறிவித்தது. ஏறத்தாழ 15 கிகாபைற் அளவான தரவு வெளியாயிற்று. அதில் 23 இலட்சம் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. சோதனைக்கென ஒதுக்கிய சேவையகத்தில் உண்மையான மக்களின் விவரங்களை இட்டிருந்தமையே இங்கு முதற்றவறு எனலாம். அத்தளம் பயன்படுத்திய வேர்க்சோய்க் என்னும் கருவித்தொகுதியின் வழுநீக்கி, பிழை நேர்ந்த பக்கத்திலேயே கட்டளை எழுதும் இடத்தையும் திறந்து தருவது. நுழைவுக்குச் சில நாள் முன்னரே இதனைக் கண்டு எச்சரித்ததாகச் சுவீடன் நாட்டுப் பாதுகாப்பு நிறுவனமொன்று பின்னர்க் கூறியது. அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த பதிப்பிற்றான் அக்கருவிக்கு இரகசிய இலக்கமொன்று வினவும் காவல் சேர்க்கப்பட்டது. 2021 இல் லாரவெல் சட்டகத்தின் பிழைகாட்டும் பக்கமும் இவ்வாறே நுழைவாயிலாயிற்று. வழுநீக்க நிலையை அணைத்திருந்த தளங்கள் தப்பின.

நம் நாட்டு 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றி நுழைபவனையே குற்றவாளியாக்குகின்றது. அது வேண்டியதே. ஆயினும் வைத்தியசாலைப் பதிவுகள், நிவாரணப் பட்டியல்கள், மாணவர் விவரங்கள் ஆகியன ஏட்டிலிருந்து சேவையகத்துக்குப் பெயர்ந்துவரும் இக்காலத்தில், நுழைந்தவனைத் தேடிப்பிடித்தல் அரிது. அவன் கடல் கடந்த நாட்டினனாயும் இருக்கலாம். போர்க்காலத்தில் வீடுவீடாகக் குடும்பப் பதிவு எடுக்கப்பட்ட இம்மாவட்டத்தில், தன் பெயருள்ள பட்டியல் யார் கையில் இருக்கின்றது என்னும் வினா ஏட்டளவில் நின்ற வினாவன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே தரவை வைத்திருப்போர்மீது அதனைக் காக்கும் கடப்பாட்டைச் சுமத்த முற்பட்டது. கொழும்பிலுள்ள பெரிய வங்கியொன்று இதற்கென ஆட்களை நியமித்துக்கொள்ளும். ஒரேயொரு நிரலாளரை நாட்கூலிக்கு அமர்த்தித் தளம் கட்டுவிக்கும் சிறு கூட்டுறவுச் சங்கத்தில், வேலை முடிந்தபின் வழுநீக்கியை அணைத்தாயிற்றா எனக் கேட்பதற்கு இன்னும் ஆளில்லை.