ஜலமும் பானியும்

மும்பையில், மாதுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ குடியேறிய தமிழர் மராத்தியில் முதலிற் கற்கும் சொற்களுள் ஒன்று ‘பாணி’. தாகம் கொண்டவன் அச்சொல்லைக் கூறினால் தண்ணீர் கிடைக்கும். கேட்டவன் எச்சமயத்தவன் என்று அதனைக் கொண்டு எவரும் ஆராய்வதில்லை. ஆனால் இச்சொல்லே வங்காளத்தில் வேறு நிலை அடைகிறது. அங்கே ‘ஜல்’ என்பவர் இந்து, ‘பானி’ என்பவர் முஸ்லிம் என்று கேட்போர் உடனே முடிவு செய்வதுண்டு. ஒரு குவளை நீருக்கு இவ்விரு பெயர்கள் வாய்த்த வரலாறு நாம் அறியத்தக்கது.

இப்பிரிவினைக்குச் சொற்பிறப்பில் ஆதாரம் இல்லை. ‘ஜல்’ வடமொழி ‘ஜலம்’ என்பதன் வழி வந்தது. ‘பானி’யும் ‘பருகத்தக்கது’ எனப் பொருள்படும் ‘பானீயம்’ என்ற வடசொல்லின் திரிபே; இராமநவமியன்று நாம் அருந்தும் பானகமும் அவ்வேரில் கிளைத்ததுதான். வங்கமொழியின் மிகப் பழைய நூலெனக் கருதப்படும் சரியாபதத்தை ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907ஆம் ஆண்டு நேபாளத்திற் கண்டெடுத்து, 1916இல் பதிப்பித்தார். பௌத்த சித்தர்கள் பாடிய அப்பாடல்களிலேயே இந்தப் ‘பானி’ இடம்பெற்றிருக்கிறது.

உப்பின் கதை இன்னும் சுவையானது. ‘நுன்’, ‘லபண்’ இரண்டும் ‘லவணம்’ என்பதிலிருந்து வந்தவை. திரிந்த வடிவமாகிய ‘நுன்’ மேற்கு வங்கத்தில் மிகுதியாக வழங்க, வடசொல்லை ஒட்டிய ‘லபண்’ முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் வங்கதேசத்தில் பெருவழக்காயிற்று. வடசொல்லை ஒரு சமயத்துக்கே உரிமையாக்க முனைவோர் இங்கே திகைப்பர்.

பிறப்பிலேயே வேறான சொற்களும் உண்டு. நீராடுதலை ஒருவர் ‘ஸ்நான்’ என்பார். மற்றவர் அரபு வழிவந்த ‘கோசல்’ என்பார். 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தோன்றியபின், பண்டிதர்கள் எழுதிய உரைநடையில் வடசொல் மிகுந்தது. மறுபுறம், அரபு, பாரசீகச் சொற்கள் விரவிய கதைப்பாடல் நூல்களை முஸ்லிம் மக்கள் விரும்பிப் படித்தனர். இவ்வாறு வழக்கு, வேலியாயிற்று.

அவ்வேலி பெருங்கவிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. ‘கூன்’ என்ற பாரசீகச் சொல் ‘கொலை’ என்ற பொருளில் வங்காளியர் எல்லோர் வாயிலும் வழங்குவது. அதனை ‘இரத்தம்’ என்ற பொருளிற் கவிதையில் ஆள்வதை 1927இல் தாகூர் ஒரு பேச்சிற் குறைகூறினார். தம்மையே சுட்டினார் எனக் கருதி வருந்திய நஸ்ருல் இஸ்லாம் மறுப்பு எழுதினார். பிரமத சௌதுரி இடைப்புகுந்து ஒரு கட்டுரை வரைய நேர்ந்தது.

நாம் இதனைப் பிறர்வீட்டுச் சண்டையென்று பார்த்திருத்தல் இயலாது. ‘சோறு’ என்றால் தாழ்வு, ‘சாதம்’ என்றால் நாகரிகம் என எண்ணுவோர் நம்மிடையே இல்லையா? பண்டைச் சேர வேந்தன் ஒருவன் ‘பெருஞ்சோற்று உதியன் சேரலாதன்’ எனப் பெயர் பெற்றான். அரசனுக்கு அணியாயிருந்த சொல் நம் அடுக்களையில் நாணத்துக்கு உரியதாயிற்று!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இதனால் நேரும் இடர் பெரிது. வங்கக் கதையில் ஒருவன் ‘ஜல்’ கேட்கிறான்; மற்றவன் ‘பானி’ தருகிறான். இரண்டையும் ‘தண்ணீர்’ என எழுதினால் வேற்றுமை மறைகிறது. ஒன்றை ‘ஜலம்’, மற்றதைத் ‘தண்ணீர்’ என்றாலோ, வங்கத்தின் சமயவேலியைப் பிடுங்கிவிட்டுத் தமிழ்நாட்டின் சாதிவேலியை நட்டவர்களாவோம். ஆகவே ‘தண்ணீர்’ என்றே பொதுப்பட எழுதி, கதையின் உயிர் அச்சொல்லிலேயே தங்கியிருக்கும் இடத்தில் மட்டும் மூலச்சொல்லை அப்படியே வைப்பது நேர்மை எனத் தோன்றுகிறது.

மும்பையில் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் ‘தண்ணி’ என்றும் தெருவில் ‘பாணி’ என்றும் கேட்கின்றனர். பக்கத்து வீட்டுக் குழந்தை ‘ஜலம்’ எனலாம். எந்தச் சொல்லால் கேட்டாலும் முதலில் குவளையை நீட்டுவோம். சொல்லாராய்ச்சி தாகம் தீர்ந்தபின் ஆகட்டும்.