காணாமற்போன அரைமணி நேரம்



தோட்டத்தில் வாழும் நமக்கு மணியோசை புதிதன்று. பெரட்டுக்கு ஒரு மணி, பள்ளிக்கு ஒரு மணி. அடிப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். குறித்த நேரம் வந்ததும் அடிக்கிறார். மறுநாளும் அதையே செய்கிறார்.

கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஒரு மணியடிப்பவர் உண்டு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த 'கிரான்' என்னும் நிரலே அவர். நிமிடத்திற்கு ஒருமுறை விழித்து, நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் பார்க்கும். பொருந்தினால் வேலையைத் தொடங்கும். இல்லையேல் மீண்டும் உறங்கும்.

கடிகாரமே மாறிவிட்டால் என்ன ஆகும்? சிங்கப்பூரின் வரலாற்றைப் பார்ப்போம்.

1905 ஜூன் முதல் நாள், கிரீனிச் நேரத்திற்கு 7 மணி முந்திய நேரம் அங்கு நடைமுறைக்கு வந்தது. 1933இல் அது 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடமும் முன்தள்ளப்பட்டது. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம் புகுந்தது. முன்பு காலை நாலரை என்றிருந்த பொழுதே ஆறு மணி ஆயிற்று. சூரியன் மாறவில்லை, ஆட்சி மாறிற்று. ஆறு மணிக்கு வேலை என்றால் இருட்டிலே எழ வேண்டியவன் தொழிலாளிதானே? 1945இல் பழைய நேரம் திரும்பியது.

பின்னர், தீபகற்ப மலேசியா சபா, சரவாக்குடன் ஒரே நேரத்தைக் கொள்ள முடிவெடுத்தது. சிங்கப்பூரும் உடன் சென்றது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரம் 12 ஆக்கப்பட்டது. சிராங்கூன் சாலையிலும் சரி, நம் தோட்டங்களிலும் சரி, அன்றிரவு 11.45 என்ற நேரமே வரவில்லை!

'நாள்தோறும் இரவு 11.45க்குக் கணக்கை முடி' என்று எழுதிய எளிய நிரல் அன்று அதைச் செய்யாமலே விட்டிருக்கும். கடிகாரம் பின்னே போனாலோ, அதே வேலை இருமுறை நடக்கும். கூலிக் கணக்கிலும் இதே சிக்கல்தான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரம் என்போம். நடுவில் கடிகாரத்தை ஒன்றரை மணி பின்தள்ளினால், காவலாளி உழைத்தது ஒன்பதரை மணி. ஏட்டில் எட்டுதான் இருக்கும்.

ஆகவே, யூனிக்ஸ் கணிப்பொறி 1970 ஜனவரி முதல் நாள் கிரீனிச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே வருகிறது. எந்த நகரம் கடிகாரத்தை மாற்றினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. நகரங்களின் மாற்றங்கள் தனிப் பட்டியலில் இருக்கும். அந்தந்த ஊர் நேரத்தை அதைக் கொண்டு கணிக்கலாம். சிங்கப்பூரின் காணாமற்போன அரைமணியும் அப்பட்டியலில் உண்டு.

நேயர்களே, கடிகாரம் காட்டுவது மனிதர் வகுத்த நேரம். உழைத்த பொழுது வேறு. நம் பிள்ளைகள் நாளை நிரல் எழுதும்போது இவ்விரண்டையும் பிரித்தறியட்டும். நாமும் கூலிச்சீட்டை வாங்கும்போது பிரித்தறிவோம்.