கவசமா, கவரியா? முகம் மூடும் ஆணைகளின் வரலாறு பற்றிச் சில எண்ணங்கள்

1910ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு 31 அகவையுடைய மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். நம் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வூ லியன் தே அவர். அங்கே மக்கள் குருதி உமிழ்ந்து ஓரிரு நாள்களில் மாண்டுகொண்டிருந்தனர். எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் கொள்ளைநோய் இது என்பதே அக்கால மருத்துவர் பலரின் கருத்து. வூ, இறந்த பெண் ஒருவரின் உடலைக் கூறாய்வு செய்து, இது நுரையீரலைப் பற்றும் வகை என்றும், மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றுகிறது என்றும் கண்டார். சல்லாத்துணி அடுக்குகளுக்கிடையே பஞ்சை வைத்துத் தலைக்குப் பின்னால் முடியும் எளிய மூடியை வலியுறுத்தினார்.

வயதிலும் பட்டறிவிலும் மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதனை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலே நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அந்நோயாலேயே இறந்தார். அதன் பின்னர் ஹார்பினில் துணி கட்டாத முகம் அரிதாயிற்று. மார்ச் தொடக்கத்தில் நகரில் நோய் அடங்கியது.

இந்நிகழ்ச்சியை முகமூடியின் வெற்றியாகவே பலரும் சொல்லுகின்றனர். நான் அவ்வளவு விரைந்து சொல்லத் துணியேன். தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ரயில் பெட்டிகளில் மக்கள் தனித்து வைக்கப்பட்டனர். உறைந்த மண்ணில் புதைக்க இயலாது கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உடல்கள் எரியூட்டப்பட்டன. இவற்றுள் துணியின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தெடுக்க ஹார்பின் இடந்தராது. மெஸ்னியின் சாவு காட்டுவது, நோயாளியின் அருகில் நிற்பவருக்குத் துணி தேவை என்பதையே. ஊரிலுள்ள அனைவரும் அணியவேண்டும் என்னும் ஆணைக்கு அது சான்றாகாது.

அத்தகைய ஆணையைச் சான்பிரான்சிஸ்கோ நகரம் 1918 அக்டோபரில், இன்ஃபுளுவென்சா பரவியபோது பிறப்பித்தது. மீறியோர்க்குத் தண்டமும் சிறையும் உண்டு. ‘அணிந்து உன் உயிரைக் காத்துக்கொள், 99 விழுக்காடு பாதுகாப்பு’ என்னும் பொருள்பட விளம்பரங்கள் வந்தன. நவம்பர் 21 நண்பகலில் சங்கொலி எழ, மக்கள் துணிகளைக் கழற்றி வீசிக் கொண்டாடினர். நோயோ மீண்டும் தலைதூக்கியது. ஜனவரியில் ஆணை திரும்பியபோது, அதனை எதிர்க்கவே ஒரு சங்கம் தோன்றிவிட்டது. 1920இல் கலிபோர்னிய நலத்துறை மருத்துவர் கெல்லாக், அவ்வாணைகள் நோயின் போக்கை மாற்றவில்லை என எழுதினார். நுண்துளிகளைத் தடுக்கும் அளவுக்குச் சல்லாத்துணியை அடுக்கினால் மூச்சுவிட இயலவில்லை. காற்றும் விளிம்புகளின் வழியே புகுந்தது. அவருடைய ஆய்வு நேர்மையானது. முகமூடியை ஆதரிப்போர் அதனைக் கூறாமல் கடந்துபோவது எனக்கு உடன்பாடன்று.

99 விழுக்காடு என்னும் அவ்வாக்குறுதி, அணிபவரின் உயிரைப் பற்றியது. இங்கே மொழியாளன் என்ற முறையில் நான் சற்று நிற்கிறேன். 2020இல் நம் நாளேடுகள் முகக்கவசம் என்றும் முகக்கவரி என்றும் இரு சொற்களை வழங்கின. கவசம் அணிந்தவனைக் காப்பது, போர்க்களத்துச் சொல். கவர்தல் என்பதற்கோ பற்றுதல், அகப்படுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. கவரி என்றவுடன் கவரிமானை நினைத்துச் சிரித்தவருள் நானும் ஒருவன். ஆயினும் அச்சொல்லைக் கவர்தலோடு இயைத்துக் கேட்டால், அணிந்தவர் வாயினின்று புறப்படும் துளியை அங்கேயே அகப்படுத்துவது என்னும் பொருள் கிடைக்கிறது. பெரியோர் முன் வாய்பொத்தி நிற்றலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அது உயர்வு தாழ்வில் பிறந்த வழக்கம், போற்றத்தக்கதன்று. எனினும் ஒருவர் மூச்சு மற்றவர்மேல் படும் என்னும் உணர்வு அதில் இருந்தது.

அனைவர்க்குமான ஆணைக்கு நியாயம் இவ்விரண்டாம் பொருளில்தான் கிடைக்கிறது. 2003இல் சார்ஸ் நோயாளிகள் நோய் முற்றிய பின்னரே மிகுதியாகப் பரப்பினர். நோயுற்றோரை அடையாளங்கண்டு பிரித்தல் பெரிதும் போதுமாயிற்று. கோவிட் 19 காய்ச்சலோ இருமலோ தோன்றுமுன்பே தொற்றியது. பரப்புபவர் யார் என அவருக்கே தெரியாதபோது, நோயாளி மட்டும் அணிக என்னும் அறிவுரை பயனற்றுப் போகிறது. தொடக்கத்தில் அவ்வாறே அறிவுரைத்த அரசுகள் பல பின்னர் மாற்றிக்கொண்டன. மலேசியாவில் 2020 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பொதுப் போக்குவரத்திலும் நெரிசல் மிக்க இடங்களிலும் அணிதல் கட்டாயமாயிற்று; மீறினால் 1,000 ரிங்கிட் தண்டம்.

பயன் எவ்வளவு? வங்காளதேசத்தில் 600 சிற்றூர்களில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே நடந்த ஆய்வில், சில ஊர்களில் இலவசமாக முகக்கவரி தந்து அணியத் தூண்டினர். முறையாக அணிந்தோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாயினர். அறிகுறியோடு உறுதிசெய்யப்பட்ட தொற்று ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. அறுவை மருத்துவ வகை தரப்பட்ட ஊர்களில், 60 அகவை கடந்தோரிடம் குறைவு 35 விழுக்காடு அளவில் இருந்தது. துணியாலானவற்றுக்குத் தெளிவான பயன் தென்படவில்லை. கெல்லாக் இதில் வியப்புற்றிருக்க மாட்டார்.

9 விழுக்காடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அவ்வூர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்போதும் அணியவில்லை. தண்டமும் அங்கே விதிக்கப்படவில்லை; கொடுத்தார்கள், அணிந்து காட்டினார்கள், தெருவில் நின்று நினைவூட்டினார்கள்.