வெயிலைப் பிரிந்த தாய்மார்

குழந்தைகளின் என்பு மெலிந்து கால்கள் வளையும் றிக்கற்ஸ் நோயை ஐரோப்பியர் ஒரு காலத்தில் 'ஆங்கில நோய்' என்றே அழைத்தனர். இங்கிலாந்தின் வைத்தியர் பிரான்சிஸ் கிளிசன் 1650ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆயினும் அதன் காரணம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விளங்காதிருந்தது. ஆலைப் புகை வானத்தை மூடிய நகரங்களில் ஏழைக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கோணற்கால்களுடன் நடந்தனர்.

ஜப்பானில் மிஷன் வைத்தியராகப் பணிபுரிந்த தியோபால்ட் பாம் என்பவர், அந்நாட்டில் இந்நோய் அரிதாயிருந்ததைக் கண்டு, சூரிய ஒளிக் குறைவே அதற்குக் காரணம் என 1890இல் எழுதினார். அவர் சொல்லைக் கேட்டோர் மிகச் சிலரே. 1919இல் பெர்லின் நகரில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் நோயுற்ற பிள்ளைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிரைக் காட்டினார். ஒரு கையிற் கதிர் பட, மறு கையின் என்பும் குணமடைந்தது! ஒளியினால் உடலில் உண்டாகும் ஏதோவொன்று குருதி வழியே பரவுகின்றது என்பது அதனாற் புலனாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் எட்வேர்ட் மெல்லன்பி என்னும் ஆங்கிலேயர் நாய்க்குட்டிகளை வைத்துச் சோதனை செய்து, மீனெண்ணெய் இந்நோயைத் தடுக்கும் என நிறுவினார். மீனெண்ணெயிலுள்ள அப்பொருளே 1922இல் விற்றமின் 'டீ' எனப் பெயர் பெற்றது.

இரண்டாம் உலக யுத்த காலத்திற் பிரித்தானிய அரசு மாஜரீனில் அந்த விற்றமினைச் சேர்ப்பித்தது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மீனெண்ணெய் வழங்கியது. நோய் பெரிதும் மறைந்தது. இனி அது பழைய பாடநூல்களில் மட்டுமே உண்டு என வைத்தியர்கள் எண்ணத் தலைப்பட்டனர்.

அவ்வெண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1947இன் பின்னர் இந்தியாவிலிருந்தும் பாக்கிஸ்தானிலிருந்தும் தொழில் தேடிப் பலர் பிரித்தானியாவிற் குடியேறினர். அவர்களுள் ஒரு சாரார் வாழ்ந்த கிளாஸ்கோ நகரம் வடக்கே ஏறத்தாழ 56 பாகை அகலக்கோட்டில் உள்ளது. அங்கே குளிர்கால வெயிலுக்குத் தோலில் விற்றமின் உண்டாக்கும் வலு இல்லை. கருநிறத் தோலுக்கு வெயில் இன்னும் நெடுநேரம் வேண்டும். பெண்களோ உடலை நன்கு மூடி உடுத்துப் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தனர். மாஜரீன் அவர்தம் சமையலிற் சிறிதே இடம்பெற்றது. பஞ்சாபின் வெயிலில் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத வாழ்க்கை முறை, ஸ்கொத்லாந்தின் வானத்தின் கீழ் என்பை அரித்தது. 1962இல் மத்தியூ டன்னிகன் முதலிய வைத்தியர்கள் அந்நகரத்துப் பாக்கிஸ்தானியரிடையே றிக்கற்ஸ் நோயையும், வளர்ந்தோரின் என்பு மென்மை நோயையும் கண்டு எழுதினர்.

இதனினும் துயரமான செய்தி 1973இல் வந்தது. புதிதாய்ப் பிறந்த சிசுக்களிடமும் இந்நோய் காணப்பட்டது. சேய் தன் விற்றமினைத் தாயின் குருதியிலிருந்தே பெறுகின்றது. தாயிடம் உள்ள அளவினும் சற்றுக் குறைந்ததே அதற்குக் கிட்டும். பிறந்த பின்னும் தாய்ப்பாலில் இவ்விற்றமின் சொற்பமே. ஆகவே தாய் வெறுங்கையளாயின் சேயும் வெறுங்கையுடனேயே பிறக்கும். கல்சியம் குறைந்து வலிப்புக் காணும் சிசுக்களும் உண்டு.

பரிகாரம் அரிதன்று. இலண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஆசியத் தாய்மார் ஒரு பகுதியினருக்குக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாள்தோறும் 1000 அலகு விற்றமின் கொடுக்கப்பட்டது. 1980இல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதோரின் குழந்தைகளுள் ஐவருக்குக் கல்சியக் குறைவின் அறிகுறிகள் தோன்றின. பெற்றோரின் குழந்தைகளுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சப்பாத்தி மாவிலேயே விற்றமினைச் சேர்த்துவிட்டால் என்ன என்ற கேள்வியும் எழுந்தது. அவ்வாறு சேர்த்த மாவை உண்டோரின் குருதி நிலை உயர்ந்ததைக் கிளாஸ்கோ வைத்தியர்கள் 1976இலேயே காட்டியிருந்தனர். ஆயின் அரசின் ஆலோசகர்கள் 1980இல் அதனை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, குடியேறியோரின் உணவையும் உடையையும் பழக்கத்தையும் திருத்தும் பிரசாரமே முன்வைக்கப்பட்டது. தன் மக்களுக்கென மாஜரீனில் விற்றமின் கலக்கத் தயங்காத அரசு, பிறர் உண்ணும் மாவிற் கலக்க இத்துணை தயங்கியமை வியப்புக்குரியது. கிளாஸ்கோ நகரமோ 1979 முதல் விற்றமின் துளிகளை இலவசமாக வழங்கிற்று. அதன் பின்னர் நோயோடு வைத்தியசாலை புகும் ஆசியப் பிள்ளைகளின் தொகை நன்கு குறைந்தது.

இக்கதை பிரித்தானியாவோடு நிற்கவில்லை. ஹேக் நகரத்துத் துருக்கிய, மொறோக்கோத் தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் கடுங்குறைவுடன் இருந்தமை 2006இல் வெளியாயிற்று. ஈழத்து நேயருக்கு இன்னும் அணித்தான செய்தியும் உண்டு. நோர்வேயில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. கண்டியாரிடம் இவ்விற்றமின் கணிசமாக மிகுந்திருந்தது. இனத்தால் ஒருவரே, இருந்த வானந்தான் வேறு.

பிரித்தானிய ஆலோசனைக் குழுவொன்று 2016இல் தன் கருத்தை விரிவாக்கியது. நாட்டிலுள்ள அனைவருக்குமே நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் 'டீ' வேண்டும் என அது கூறிற்று. அதனையொட்டி, இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் துணை விற்றமின் உட்கொள்ளுவதைப் பற்றி யாவரும் எண்ணிப் பார்க்கும்படியும், கருநிறத் தோலினரும் உடல் மூடி உடுப்போரும் அதனை ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றிச் சிந்திக்கும்படியும் அரசு அறிவுறுத்தியது.