பனி வெளிச்சத்துக்கு எந்தக் கண்ணாடி?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே கண்ணுக்கு வேலை இருந்தது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அந்த ஊருக்கு வழங்கிய செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான். மண்டபத்து அரை வெளிச்சத்தில் ஏட்டைப் பிரித்துப் படித்தவருக்கு நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்திருந்தால், ஏட்டைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்வைக்கு லென்ஸ் போடும் வழக்கம் இத்தாலியில் தொடங்கியதே பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

அதற்குள் கூரம் இன்னொருவரைக் கண்டுவிட்டது. ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. போதாயன விருத்தி என்ற நூலைத் தேடி அவர் குருவோடு காஷ்மீரம் வரை போனார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். கிடைத்த ஏட்டை அங்குள்ளவர்கள் திரும்பப் பறித்துக்கொண்டபோது, "இரவுகளில் படித்து மனத்தில் ஏற்றிவிட்டேன்" என்று குருவைத் தேற்றினாராம். ராமானுஜர் சொல்லச் சொல்ல ஸ்ரீபாஷ்யம் என்ற உரையை ஏட்டில் எழுதியவரும் அவரே. பிறகு குருவுக்குப் பதிலாகக் காவி உடுத்திச் சோழன் அவையில் போய் நின்று கண்களை இழந்தார். காஞ்சி வரதனிடம் பார்வை வேண்டி வரதராஜ ஸ்தவம் பாடினார் என்பது மரபு.

கதை எழுதியவர்களுக்கு ஏடு முக்கியம். வழியில் கிடந்த பனி முக்கியமில்லை. ஆனால் கூரத்து வெயிலில் வளர்ந்த கண்ணுக்கு இமயத்துப் பனியின் வெளிச்சம் வேறு சாதி.

கடற்கரையின் உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். புதிதாய்ப் பெய்த பனி 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். போதாததற்கு, 1,000 மீட்டர் ஏற ஏற அந்தக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடிக்கொண்டே போகிறது. தொப்பியும் குடையும் மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும், காலடியிலிருந்து வருவதை மறைக்காது. இதில் சூழ்ச்சி என்னவென்றால், பனியில் திரியும்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கூடாரத்தில் படுத்திருக்கும்போது, மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதன் விளைவு அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். மலை உச்சியில் அந்த ஓரிரு நாளே உயிருக்கு உலை வைக்கலாம்.

மனிதர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கி.மு. 401-இல் ஆர்மீனியப் பனியில் பின்வாங்கிய கிரேக்கப் படையினர், கறுப்பான எதையாவது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் செனபன் எழுதுகிறார். வடதுருவத்து இனுவிட் மக்கள் மரத்தையும் எலும்பையும் செதுக்கி, நடுவில் மெல்லிய கீற்று மட்டும் விட்டுக் கண்ணில் கட்டிக்கொண்டார்கள். திபெத்தியர்கள் யாக் மாட்டின் மயிரால் வலைபோல் ஒன்றைப் பின்னினார்கள். கண்ணாடியே இல்லாத கண்ணாடிகள் இவை. மூச்சுப் பட்டு மங்குவதும் இல்லை. இன்றைய விலையுயர்ந்த காகிள்ஸ் பலவற்றுக்கு இந்தப் பெருமை கிடையாது.

தமிழ்நாட்டில் கண்ணாடி என்பது வெளிச்சத்தைக் குறைப்பதற்காக வரவில்லை, படிப்பதற்காக வந்தது. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைச் சாணை பிடித்துச் செய்த மூக்குக் கண்ணாடி ஒரு காலத்தில் பெயர் பெற்றது. கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்றொரு நம்பிக்கை இங்கு மட்டுமல்ல, இங்கிலாந்திலும் இருந்தது. அறிவியல் இதைக் கேட்டால் சிரிக்கும். படிகக் கல் புற ஊதாக் கதிரைத் தாராளமாக உள்ளே விடும். சாதாரணக் கண்ணாடியாவது அதில் ஒரு பகுதியைத் தடுக்கும். வல்லத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாராவது பனிமலை ஏறியிருந்தால் தொட்டால் சில்லென்று இருந்திருக்கும், கண் வெந்திருக்கும்.

காப்புக்கென்றே கண்ணாடி காய்ச்சியவர் ஆங்கிலேய வேதியியலர் வில்லியம் குரூக்ஸ். கண்ணாடி உலைக்கு முன் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் கண்புரை வந்தது. அதைத் தடுக்க நூற்றுக்கணக்கான கலவைகளைக் காய்ச்சிப் பார்த்து 1914-இல் முடிவுகளை வெளியிட்டார். சீரியம் கலந்த அவருடைய கண்ணாடி புற ஊதாக் கதிரை மடக்கியது. கறுப்பாக இருப்பது வேறு, காப்பாக இருப்பது வேறு என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. கூலிங் கிளாஸை முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கும் நம் ஊரில் அதைப் படித்தவர்கள் குறைவு.

இரண்டாவது பாடம் எவரெஸ்டில் கிடைத்தது. 1924 ஜூன் 4 அன்று மலையேறி எட்வர்ட் நார்ட்டன் ஆக்சிஜன் இல்லாமல் 28,126 அடி வரை ஏறினார். அந்த உயரத்தில் பனியைவிடக் கறும்பாறை அதிகம். கண்ணாடியோடு காலடி சரியாகத் தெரியவில்லை என்று கழற்றிவிட்டார். பாறைதானே என்ற நினைப்பு. அன்று இரவே பார்வை போனது, திரும்ப சுமார் 60 மணி நேரம் ஆயிற்று. ஜூன் 6 காலை அவரோடு வந்த மலையேறிகள் மல்லோரியும் இர்வினும் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியபோது, நார்ட்டன் அவர்களைப் பார்க்க முடியாமல்தான் விடைகொடுத்தார். மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்தது. காகிள்ஸ் சட்டைப் பையில் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு இறங்கும்போதுதான் விழுந்திருப்பார் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்க அதுவும் ஒரு காரணம்.

நார்ட்டன் செய்தது முட்டாள்தனம் அல்ல. எல்லா வெளிச்சத்துக்கும் ஒரே கண்ணாடி என்பதுதான் தவறு.

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை எடுக்கும் பெண்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். கடை விளக்கில் அரக்காகத் தெரிந்த புடவையை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பிரித்துப் பார்த்தால்தான் அது அரக்கா, மாதுளைச் சிவப்பா என்று துலங்கும். பனிச்சறுக்கு ஆடுபவர்களுக்கும் சிக்கல் இதே இடத்தில்தான். மேகம் மூடிய நாளில் நிழலே விழாது. மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகி, முன்னால் குழி இருப்பது விழுந்த பிறகுதான் தெரியும். மஞ்சள், ஆம்பர், ரோஜா நிற லென்ஸ்கள் சிதறிய நீல ஒளியை வடிகட்டி மேடு பள்ளத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. அதே மஞ்சள் லென்ஸ் உச்சி வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அப்போது அடர் சாம்பல், பழுப்பு, அல்லது மேலே பாதரசம் பூசியதுபோல் மின்னும் லென்ஸ் வேண்டும்.

இதற்கு எண்களும் உண்டு. லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரிக்கிறார்கள். வகை 1 நாற்பது விழுக்காட்டுக்கு மேல் விடும், அது மேகத்துக்கு. வகை 3 எட்டு முதல் பதினெட்டு வரை விடும், அது வெயிலுக்கு. வகை 4 எட்டுக்கும் கீழே. அது உயர்ந்த பனிமலைக்கு மட்டும்தான், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறம் மாறும் கண்ணாடியை 1960-களில் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்தது. கடுங்குளிரில் அது வெளுக்கத் தாமதமாகும். காகிள்ஸில் மூச்சு படிந்து மங்கும் தொல்லைக்கு, அமெரிக்கப் பல் மருத்துவர் பாப் ஸ்மித் 1965-இல் இரட்டை லென்ஸும் காற்று போகும் நுரையும் வைத்துத் தீர்வு கண்டார்.

இந்தியாவில் இந்தக் கண்ணாடி விளையாட்டுப் பொருள் மட்டுமல்ல. 1984 ஏப்ரல் 13 முதல் சியாச்சினில் நம் படை நிற்கிறது. 2016 பிப்ரவரியில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் 19-வது மெட்ராஸ் படைப்பிரிவின் காவல் நிலையில் இருந்தவர்கள், அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அத்தகைய இடங்களில் நிற்கும் வீரர்களுக்குப் பனிக் கண்ணாடி போதிய அளவு கையிருப்பில் இல்லை என்று 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை குறை சொன்னது. கூரத்தாழ்வான் காலத்தில் பனிக் கண்ணாடி இல்லாமல் போகலாம், நம் காலத்தில் இல்லை என்பது வெட்கக்கேடு.

காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குச் சுற்றுலா போகிறவர்கள் வாடகைக் கடையில் முதலில் நீட்டும் காகிள்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி 400 என்று போட்டிருக்கிறதா, லென்ஸ் கீறல் விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு வானம் எப்படி என்று கேட்டு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்கும் தனியாக ஒன்று எடுங்கள்.