31 தோல்விகளும் ஒரு கோப்பையும்
கிரிக்கெட்டில் வளர்ந்த எனக்குக் கல்லூரி பேஸ்பாலைப் புரியவைத்தது 2008-ஆம் ஆண்டுப் பருவம்தான். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணி முதல் 20 ஆட்டங்களில் 12-இல் தோற்றது. வட்டாரக் கோப்பையை வென்றுதான் 64 அணிகளின் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. அங்கே நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவில் அதற்குக் கடைசி இடம்!

ஒமாஹாவில் ஜார்ஜியாவுடன் இறுதித் தொடர். மூன்றில் இரண்டு வென்றால் கோப்பை. முதல் ஆட்டம் 6-7 தோல்வி. இரண்டாவது 19-10 வெற்றி. மூன்றாவது 6-1. அந்த ஆறு ஓட்டங்களுக்கும் காரணம் ஸ்டீவ் டெட்வைலரின் மட்டை. கட்டைவிரலில் தசைநார் கிழிந்திருந்தும் ஆடினார்.

பருவக் கணக்கு: 47 வெற்றி, 31 தோல்வி. கடைசித் தரவரிசையிலிருந்து பட்டம் வென்ற முதல் அணி. நீண்ட பருவத்தில் தோல்வி முடிவல்ல. அதுவும் கணக்கில் ஒரு வரிதான் என்று அன்று புரிந்துகொண்டேன்.